வட சென்னையில் ஒரு பூத்தைப் படிப்பது எப்படி

தேர்தல் முடிவு வந்த மறுநாளே "வட சென்னை எப்பவுமே அந்தக் கட்சிதான்" என்று ஒருவர் சொல்வார். "குடிசைப் பகுதி, காசு கொடுத்தா ஓட்டு" என்று இன்னொருவர் சொல்வார். இப்படிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு பூத்தின் கணக்கைக்கூடப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் அந்தக் கணக்கு பொதுவில்தான் கிடக்கிறது. எந்தத் தெரு எந்தப் பூத்தில் சேர்ந்திருக்கிறது, அந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு, எத்தனை பேர் வரவில்லை என்பதையெல்லாம் ஒரு கணினியும் ஒரு நல்ல ஜோடிச் செருப்பும் இருந்தால் யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். கல்லூரி ப்ராஜெக்டுக்காகவோ, உள்ளூர்ச் செய்திக்காகவோ, குடியிருப்போர் சங்கத்துக்காகவோ முதல்முறையாக இதில் இறங்குபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பேச்சில் நாம் சொல்லும் வட சென்னை வேறு, தேர்தல் வரைபடத்தில் இருக்கும் வட சென்னை வேறு. வட சென்னை மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் வருகின்றன: திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் (ஆர்.கே. நகர்), பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம். இதில் திரு.வி.க. நகர் தனித்தொகுதி. சவுகார்பேட்டையும் மண்ணடியும் துறைமுகம் தொகுதியில் இருக்கின்றன. அந்தத் தொகுதி மத்திய சென்னையோடு சேர்ந்தது. வில்லிவாக்கமும் மத்திய சென்னைதான். மாதவரம் திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில் போகிறது. ஆகவே "வட சென்னையில் வாக்குப்பதிவு இவ்வளவு" என்று எங்கேயாவது படித்தால், எந்த எல்லையை வைத்துச் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

மாநகராட்சி இன்னொரு வரைபடம் வைத்திருக்கிறது. 2022 மாநகராட்சித் தேர்தலின்போது 200 வட்டங்கள் (வார்டுகள்), 15 மண்டலங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று வடக்குப் பக்கம் மட்டும் ஆறு மண்டலங்கள். இந்த மண்டலப் பெயர்களில் சில சட்டமன்றத் தொகுதிப் பெயர்களும்கூட. பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லையும் ஒன்றுதான் என்று நினைத்து அட்டவணையைப் போட்டுவிட்டால், பின்னால் எல்லாமே குழம்பிவிடும்.

புதிதாக ஆரம்பிப்பவர் ஆறு தொகுதியையும் எடுக்கவே வேண்டாம். ஒரு சட்டமன்றத் தொகுதியில், ஒட்டியொட்டி இருக்கும் முப்பது நாற்பது பூத்கள் போதும். உங்களுக்குத் தெருத் தெருவாகத் தெரிந்த இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

'இந்தப் பகுதி இந்தக் கட்சி' என்ற எண்ணத்தைக் கழற்றி வையுங்கள்

கணக்கைத் திறப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிட வேண்டும். ஒரு பகுதியின் குணம் மெதுவாகத்தான் மாறும். காசிமேடு நேற்றும் மீன்பிடிக்கும் ஊர், இன்றும் அப்படியே. வியாசர்பாடியின் சந்துகள் ஐந்து வருடத்தில் அகலமாகிவிடப் போவதில்லை. வாக்கு அப்படியில்லை, சட்டென்று திரும்பும்.

வட சென்னை மக்களவைத் தொகுதியை 2014-இல் அதிமுக சுமார் ஒரு லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றது. ஐந்தே வருடத்தில், 2019-இல், திமுக அதே தொகுதியை 4.6 லட்சம் வித்தியாசத்தில் வென்றது. கொளத்தூரில் 2011-இல் மு.க. ஸ்டாலினின் வெற்றி வித்தியாசம் 3,000-க்கும் குறைவு. 2021-இல் அது 70,000-ஐத் தாண்டியது. பெரம்பூர் 2011-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் அ. சவுந்தரராசனையும், 2016-இல் அதிமுகவின் வெற்றிவேலையும், 2019 இடைத்தேர்தலில் திமுகவின் ஆர்.டி. சேகரையும் தேர்ந்தெடுத்தது. ராயபுரத்தில் 1991 முதல் ஒரு முறை தவிர எல்லாத் தேர்தலிலும் ஜெயித்துவந்த டி. ஜெயக்குமார் 2021-இல் தோற்றார். பாஜக கூட்டணிதான் காரணம் என்று பின்னர் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

ஆர்.கே. நகர் இன்னும் நல்ல பாடம். 2015 இடைத்தேர்தலிலும் 2016 பொதுத்தேர்தலிலும் அங்கே ஜெயலலிதா ஜெயித்தார். அவர் மறைந்தபின் 2017 ஏப்ரலில் நடக்க வேண்டிய இடைத்தேர்தலை, பணப் பட்டுவாடாப் புகாரால் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. அந்த டிசம்பரில் மறுபடி நடந்தபோது, குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரட்டை இலை இரண்டாம் இடத்துக்குப் போனது, திமுக வைப்புத்தொகையை இழந்தது. அடுத்த பொதுத்தேர்தலில், 2021-இல், அதே தொகுதி திமுகவுக்குப் போனது. தெரு அதே தெரு, வீடு அதே வீடு.

இதனால் பகுதியின் குணத்துக்கும் வாக்குக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொடர்பு இருக்கிறது, ஆனால் நேராக இல்லை. குடியிருப்பு, தொழில், சமூகம், மதம் எல்லாம் ஒரு தெருவின் அடிப்படையைத் தீர்மானிக்கின்றன. அந்தத் தேர்தலின் தலைவர், சின்னம், கூட்டணி, பிரச்சினை ஆகியவை அதன்மேல் வந்து உட்கார்ந்து ஓட்டாக மாறுகின்றன. ஒரே ஒரு தேர்தலை எடுத்துக்கொண்டு "மீனவர்கள் இந்தக் கட்சி" என்று எழுதினால், நீங்கள் பார்த்தது பகுதியையா, அந்த வருடத்தின் காற்றையா என்று உங்களுக்கே தெரியாது. குறைந்தது மூன்று தேர்தல்களை எடுங்கள். அதிலும், ஒரு பூத் தன் தொகுதிச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பாருங்கள். தொகுதி முழுக்க ஒரு கட்சி 50 சதவீதம் வாங்கிய வருடத்தில் உங்கள் பூத்தில் 62, தொகுதியே 35-க்கு இறங்கிய வருடத்தில் உங்கள் பூத்தில் 47 என்று இருந்தால், இரண்டு முறையும் 12 புள்ளி மேலே. பகுதியின் நிலையான சாய்வு என்று எதையாவது சொல்லலாம் என்றால், இதைத்தான் சொல்லலாம்.

தேவையான இரண்டு தாள்கள்

முதலாவது படிவம் 20. வாக்கு எண்ணிக்கையின் இறுதி முடிவுத் தாள். ஒவ்வொரு வாக்குச்சாவடி எண்ணுக்கும் நேரே ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த வாக்கு, செல்லுபடியான மொத்தம், நோட்டா எல்லாம் வரிசையாக இருக்கும். தபால் ஓட்டு கீழே தனி வரியில் வரும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் சட்டமன்றத் தொகுதிவாரியாக பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கிறது. பல கோப்புகள் ஸ்கேன் செய்த படங்கள். எண்களைக் கையால்தான் எக்செல்லில் ஏற்ற வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான். ஆனால் ஏற்றி முடிப்பதற்குள் உங்கள் தொகுதி பாதி மனப்பாடம் ஆகியிருக்கும்.

இரண்டாவது, வாக்காளர் பட்டியல். பட்டியல் பூத்துக்கு ஒரு பாகமாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு பாகத்துக்கும் தனிக் கோப்பு. நமக்கு வேண்டியது பெரும்பாலும் அதன் முதல் பக்கம்தான். அந்தப் பாகத்தில் எந்தெந்தத் தெருக்கள் வருகின்றன, சாவடி எந்தப் பள்ளிக்கூடத்தில், ஆண் பெண் மூன்றாம் பாலினம் என்று எத்தனை வாக்காளர்கள் என்பது அங்கேயே இருக்கிறது. மொத்த வாக்காளர் எண்ணிக்கையை இதிலிருந்தும் போடப்பட்ட வாக்குகளைப் படிவம் 20-இலிருந்தும் எடுத்தால் பூத்வாரி வாக்குப்பதிவு சதவீதம் வந்துவிடும். அந்தத் தேர்தலுக்கு வெளியிட்ட பட்டியலைத்தான் எடுக்க வேண்டும், இன்றைய பட்டியலை எடுக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. பாக எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். 2021-இல் கொரோனாவுக்காகத் துணைச் சாவடிகள் போட்டதில் தமிழ்நாட்டில் 88,000-க்கும் மேற்பட்ட சாவடிகள் இருந்தன. 2024-இல் அது 68,000 சொச்சத்துக்கு இறங்கியது. 2025-இல் ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர் என்று ஆணையம் உச்சவரம்பு வைத்ததால் மறுபடி பிரிப்பு நடந்தது. ஆகவே 2021-இன் 85-ஆம் பாகத்தை 2024-இன் 85-ஆம் பாகத்தோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். தெருப் பெயரை வைத்துப் பொருத்துங்கள். பொருந்தாதவற்றை அக்கம்பக்கப் பாகங்களோடு சேர்த்து ஒரு கொத்தாக்கி, கொத்துக்குக் கொத்து ஒப்பிடுங்கள்.

வராதவர்கள் யார், இல்லாதவர்கள் யார்

இந்த வேலையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் நீங்கள் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். வாக்குப்பதிவு சதவீதம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே இருக்கும் எண் உண்மையானது, மெஷினில் பதிவானது. கீழே இருக்கும் எண் பட்டியல். நகரத்தில் பட்டியல் பல காலம் பொய் சொல்லும்.

ஒரு பாகத்தில் 1,100 பெயர், 660 வாக்கு என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம். "இந்தத் தெருக்காரர்களுக்கு அக்கறை இல்லை" என்று எழுதத் தோன்றும். தெருவில் இறங்கி விசாரித்தால், அதில் 200 பேர் வீடு காலி செய்துகொண்டு போய்விட்டவர்கள், 40 பேர் இறந்தவர்கள் என்று தெரியவருகிறது. அப்படியானால் தெருவில் உண்மையில் இருப்பவர்கள் 860 பேர். 660 பேர் வந்து போட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 77 சதவீதம்! அக்கறை இல்லாத தெரு என்று நாம் முத்திரை குத்தவிருந்த தெரு, மாநிலச் சராசரியையும் தாண்டிய தெரு.

வட சென்னையில் இப்படி நடக்க நிறையவே காரணங்கள் உண்டு. வாடகைக்கும் லீஸுக்கும் இருக்கும் குடும்பங்கள் அடிக்கடி இடம் மாறும். பெயர் பழைய தெருவிலேயே நிற்கும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது குடும்பங்கள் சில வருடங்களுக்கு வெளியே போய்விடுகின்றன. கால்வாய் ஓரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் தெற்கே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போயிருப்பார்கள். ஓட்டுப் போட வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வரவேண்டும். அப்படியும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கணக்கில் எடுக்காமல் வட சென்னையின் வாக்குப்பதிவைப் பற்றிப் பேசுவது அநியாயம்.

2025 நவம்பரில் தொடங்கிய, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் இந்தக் கீழ் எண்ணையே மாற்றிப் போட்டது. அந்த டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் போனது சரி. அதோடு சேர்ந்து, இன்னமும் அங்கேயே இருக்கும் யாராவது போயிருக்கிறார்களா என்பது தெருவில் கேட்டால்தான் தெரியும். நம் கணக்குக்கு இதன் பொருள் ஒன்றுதான்: திருத்தத்துக்கு முந்தைய சதவீதத்தையும் பிந்தைய சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "மக்கள் விழிப்புணர்வு கூடிவிட்டது" என்று சொல்லக் கூடாது. கீழ் எண் சுருங்கினாலே சதவீதம் ஏறும். அந்தக் கோட்டைத் தாண்டி ஒப்பிட வேண்டுமானால் சதவீதத்தை விட்டுவிட்டு, விழுந்த வாக்குகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

பட்டியலின் அழுக்கு உங்கள் முடிவைக் கெடுக்காதபடி பார்க்க ஒரு வழி இருக்கிறது. 2021 ஏப்ரல் சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாவட்டத்தின் வாக்குப்பதிவு 59 சதவீதம். ஒரு வருடம்கூட ஆகாத 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தலில் 43 சதவீதச் சொச்சம். இடையில் பட்டியல் பெரிதாக மாறவில்லை. ஆகவே இந்தச் சரிவைப் பட்டியல்மேல் போட முடியாது, இது உண்மையான சரிவு. உங்கள் பகுதியில் எந்தத் தெருக்களில் இது குறைவாகச் சரிந்தது என்று தேடுங்கள். கவுன்சிலர் இருந்தால்தான் தண்ணீர் லாரி வரும், கால்வாய் அடைப்பு எடுபடும் என்ற நிலையில் இருக்கும் தெருக்களா அவை? அல்லது அந்த வட்டத்தில் வேட்பாளர் அதே தெருக்காரரா? என் எண்ணத்தில், ஒரு பகுதியின் அரசியல் ஈடுபாட்டை அறிய மக்களவைத் தேர்தலைவிட இந்தத் தேர்தல்தான் நல்ல உரைகல். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், சாவடிகளும் வட்டக் கணக்கில் அமைந்தவை என்பதால், தாள்களை அங்கேதான் தேட வேண்டும்.

பகுதியின் குணத்தை எப்படி எழுதிவைப்பது

மக்கள்தொகைக் கணக்கை எடுத்து ஒட்டிவிடலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். 2011 கணக்கெடுப்பு சென்னையின் பழைய 155 வட்டங்களை வைத்து எடுக்கப்பட்டது. திருவொற்றியூரும் மணலியும் மாதவரமும் அப்போது தனி நகராட்சிகள். இன்றைய 200 வட்டங்களோடும் அது ஒட்டாது, பூத்தோடும் ஒட்டாது. அதோடு, 2011-க்கும் இன்றைக்கும் நடுவில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவே வந்துவிட்டது. பின்னணிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

உருப்படியான வழி நடப்பதுதான். ஒவ்வொரு பாகத்தின் தெருக்களையும் நடந்து பார்த்து, ஐந்தாறு விஷயங்களை மட்டும் குறியுங்கள். வாரியக் குடியிருப்பா, தனி வீடுகளா, ஒண்டுக்குடித்தனமா, புதிய அப்பார்ட்மெண்டா. பெரும்பாலும் சொந்தமா, வாடகையா. காலையில் எந்த வேலைக்குப் போகிறார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, லாரியா. பூத் இருக்கும் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், நடுவில் ரயில்வே கேட்டோ பெரிய சாலையோ குறுக்கிடுகிறதா. கடைசியாக, தெருமுனையில் எந்தக் கொடிக்கம்பங்கள், எந்தச் சங்கத்தின் பலகைகள்.

மீனவக் குப்பங்களில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தேர்தல் தேதி. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 2019-இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, 2024-இல் ஏப்ரல் 19. இரண்டு முறையும் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில். 2021-இல் ஏப்ரல் 6, தடைக்காலம் தொடங்கவில்லை. கடலுக்குப் போனவர் கரை திரும்பப் பல நாள் ஆகும் தொழிலில் இந்த வித்தியாசம் சின்னதில்லை. கரையோரப் பாகங்களில் 2021-க்கும் 2024-க்கும் உள்ள வித்தியாசத்தை, உள்ளே தள்ளியிருக்கும் பாகங்களில் உள்ள வித்தியாசத்தோடு வைத்துப் பாருங்கள். தேதியை மறந்துவிட்டு மீனவர்களின் ஆர்வம் ஏறியது இறங்கியது என்று எழுதுவது பெரிய பிழையாகிவிடும்.

திருவொற்றியூர்ப் பக்கம் எடுப்பவர்களுக்கு 2021 நல்ல வருடம். அங்கே சீமான் போட்டியிட்டு 48,000-க்கும் மேல் வாங்கி மூன்றாம் இடத்தில் வந்தார். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு எதிரான பேச்சு அந்தப் பிரசாரத்தில் பலமாக ஒலித்தது. அந்த வாக்கு கடலோரக் குப்பங்களில் திரண்டதா, தொகுதி முழுக்கப் பரவியதா என்று படிவம் 20-ஐ வைத்து ஒரு சாயங்காலத்தில் பார்த்துவிடலாம். ஒரு பிரச்சினை ஓட்டாக மாறுகிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. அதே கரையில் 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவும், அந்த மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிவும் நடந்தன. 2024 கணக்கையும் அதே முறையில் எடுத்துப் பாருங்கள்.

மணலி, சவுகார்பேட்டை மாதிரி இடங்களில் தலைகள் நிறைய, வாக்காளர் குறைவு. வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களில் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில்தான். ரயில்வே, காவல், ஆசிரியர் குடும்பங்கள் அதிகமுள்ள தெருக்களில் தேர்தல் பணிக்குப் போனவர்களின் தபால் ஓட்டு பூத் வரியில் வராது. இந்தச் சின்ன ஓட்டைகளைக் குறிப்பில் போட்டுவைத்தால் போதும்.

எண்களைச் சேர்த்துப் பார்க்கும்போது

ஒரு வரிக்கு ஒரு பாகம். வாக்குப்பதிவு, முதல் மூன்று கட்சிகளின் சதவீதம், தொகுதிச் சராசரியிலிருந்து விலகல், பிறகு நீங்கள் நடந்து குறித்த குணங்கள். வாடகை வீடுகள் அதிகமுள்ள பாகங்களை மேலே வரிசைப்படுத்தி வாக்குப்பதிவு எப்படிப் போகிறது என்று பாருங்கள். அப்புறம் வாரியக் குடியிருப்புகளை மட்டும். பெரிய புள்ளியியல் எதுவும் வேண்டாம், கண்ணால் பார்த்தாலே நிறையத் தெரியும்.

ஏழைப் பகுதிகளில் வாக்குப்பதிவு குறைவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு தொடங்காதீர்கள். அமெரிக்காவில் வசதி ஏற ஏற வாக்குப்பதிவு ஏறும். இந்தியாவில் ஏழைகள் மற்றவர்களுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ வந்து வாக்களிக்கிறார்கள் என்று, தேர்தல் ஆய்வுகள் நடத்தும் லோக்நீதி அமைப்பின் ஆய்வாளர்கள் 1990-களிலிருந்தே எழுதிவருகிறார்கள். சென்னையிலேயே பாருங்கள்: 2024-இல் வட சென்னையில் 60 சதவீதம், மத்திய சென்னையிலும் தென் சென்னையிலும் 54 சதவீதத்தை ஒட்டி. மாநிலத்தின் 69 சதவீதச் சொச்சத்தோடு ஒப்பிட்டால் மூன்றுமே குறைவு. ஆனால் அதிகம் குறைந்தது வடக்கில் இல்லை, மத்தியிலும் வசதியான தெற்கிலும்தான். இந்த ஒரு ஒப்பீட்டுக்குப் பிறகும் வட சென்னைக்காரர்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒருவர் பேசினால், அவருக்கு இந்த எண்களைக் காட்டுங்கள்.

இப்போது ஒரு பொறி. பகுதிக்குப் பொருந்துவது அங்கே இருக்கும் ஆளுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1950-இல் இதைக் காட்டினார். 1930 கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகம், ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்து நகரும் விகிதம், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.53. தனி ஆட்களாகப் பார்த்தால் கணக்கு தலைகீழ்; வெளிநாட்டில் பிறந்தவர்களின் எழுத்தறிவு சற்றுக் குறைவு, ஒட்டுறவு மைனஸ் 0.12. எழுத்தறிவு ஏற்கெனவே அதிகமாயிருந்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியதுதான் காரணம். நம்மூரில் இதை இப்படிப் பாருங்கள்: முஸ்லிம் குடும்பங்கள் கணிசமாக உள்ள ஒரு பாகத்தில் ஒரு கட்சிக்கு வாக்கு ஏறினால், ஏற்றியது அவர்களாகவும் இருக்கலாம், அதே பாகத்தில் பக்கத்துத் தெருவில் இருக்கும் மற்றவர்களாகவும் இருக்கலாம். பூத் எண் அதைச் சொல்லாது. "இந்தப் பாகம் இப்படி வாக்களித்தது" என்று எழுதலாம், "இந்தச் சமூகம் இப்படி வாக்களித்தது" என்று எழுத முடியாது.

இடைத்தேர்தலை மற்ற தேர்தல்களோடு கலக்கவும் வேண்டாம். ஆர்.கே. நகரில் 2017 டிசம்பரில் 77.68 சதவீதம் விழுந்தது. மொத்த மாநிலத்தின் அமைச்சர்களும் கட்சிக்காரர்களும் ஒரே தொகுதியில் குவிந்து வீடு வீடாக ஏறி இறங்கினால் எந்தத் தொகுதியிலும் அப்படித்தான் விழும்.

தெருவுக்கும் பூத்துக்கும் நடுவில் இருப்பவர்கள்

ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி வேலைகள், ஒரே மாதிரி வருமானம். ஆனாலும் அடுத்தடுத்த இரண்டு பாகங்களில் வாக்குப்பதிவு பத்துப் புள்ளி வித்தியாசப்படும். இதை எந்தக் கணக்கெடுப்பும் விளக்காது. நடுவில் யார் இருக்கிறார் என்பதுதான் விளக்கும். பாக முகவர், வட்டச் செயலாளர், மீனவக் கிராமப் பஞ்சாயத்து, தொழிற்சங்கம், தேவாலயம், ஜமாத், மன்றம், கால்பந்து குழு. காலை பத்து மணிக்கு "அக்கா, இன்னும் வரலையா?" என்று கதவைத் தட்ட ஆள் இருக்கும் தெருவும் இல்லாத தெருவும் ஒன்றாக இராது.

வட சென்னையில் இந்த நடு அடுக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. பக்கிங்ஹாம் கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூரில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. என்று அதன் பெயர்கள். 1921 வேலைநிறுத்தத்தின்போது அதே தொழிலாளர்கள் சாதியால் பிளந்ததும், புளியந்தோப்பு எரிந்ததும் அந்த வரலாற்றின் பகுதிதான். 1949 செப்டம்பரில் திமுகவின் தொடக்க விழாப் பொதுக்கூட்டம் நடந்ததும் ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான். ஆலை 1990-களில் மூடப்பட்டது. ஷிப்டு முடிந்து ஒரே வாசலில் வெளியே வரும் ஆயிரக்கணக்கான பேரிடம் பேசிய சங்கம் போனால், அந்த இடத்தில் யார் வந்து நின்றார்கள்? உங்கள் பகுதியில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஆலைப் பென்ஷன்காரர்களிடம் ஆரம்பித்தால் பேச்சு நீளும்.

தெருவில் கேட்பது எப்படி

"யாருக்குப் போட்டீங்க?" என்று ஒருநாளும் கேட்காதீர்கள். அது அவர்கள் ரகசியம். கேட்டால் உண்மையும் வராது. "போன தடவை இந்தத் தெருவுல யாரெல்லாம் வர முடியலை, ஏன்?" என்று கேளுங்கள். எல்லோரும் பேசுவார்கள். பேர் இல்லை, சிலிப் வரவில்லை, பூத் மாறிவிட்டது, கம்பெனியில் லீவு இல்லை, வயசான அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாடி ஏற முடியவில்லை. உங்கள் அட்டவணையில் இல்லாத காரணங்கள் இங்கேதான் கிடைக்கும். பெரியவர்களை அண்ணே, அக்கா, ஐயா, அம்மா என்று கூப்பிட்டு, எந்தக் கட்சியும் அனுப்பவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நோட்டை உடனே திறக்காதீர்கள். கட்சிக் கொடியுள்ள வண்டியில் போய் இறங்காதீர்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். அந்தத் தெருவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எந்த இணையதளத்திலும் இருக்காது.

காசு விவகாரமும் பேச்சில் வரும். கொடுத்தது உண்மையா என்று விசாரிக்க நீங்கள் போகவில்லை. ஆனால் ஒன்றைக் கணக்கே காட்டும்: எல்லாக் கட்சியும் கொடுத்ததாகப் பேசப்படும் இடத்திலும் யாரோ ஒருவர்தான் ஜெயிக்கிறார், மற்றவர்கள் கொடுத்தும் தோற்கிறார்கள். அப்படியிருக்க, பணம் மட்டுமே வாக்கைத் தீர்மானித்தது என்ற விளக்கம் எந்தப் பூத்துக்கும் போதாது.

செய்யக் கூடாதவை

வாக்காளர் பட்டியலில் பெயர், உறவினர் பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் இருக்கிறது. பெயரை வைத்து மதத்தையும் சாதியையும் ஊகித்துப் பட்டியல் போடும் ஆசை வரும். போடாதீர்கள். ஊகம் பல இடத்தில் தப்பாகும் என்பது ஒரு காரணம். அந்தப் பட்டியல் கலவர நாளில் யார் கைக்குப் போகும் என்பது பெரிய காரணம்.

பூத்வாரி முடிவு வெளியாவதே சிக்கலான விஷயம்தான். ஆயிரம் பேர் உள்ள பாகத்தில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், போடாத தெருவுக்குத் தண்ணீரை நிறுத்தலாம், சாலையைத் தள்ளிப்போடலாம். பல பூத்களின் வாக்குகளைக் கலந்து எண்ணும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-இல் பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நீங்கள் வெளியிடும்போது இதை மனதில் வையுங்கள். ஒற்றைப் பூத்தின் கட்சி வாக்கைத் தெருப் பெயரோடு போடாமல், ஐந்தாறு பாகங்களைச் சேர்த்துப் போடுங்கள். வாக்குப்பதிவு சதவீதத்தைத் தனிப் பூத்துக்கும் போடலாம், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. தேர்தல் நடக்கும் நாட்களில் வாக்களித்து வந்தவர்களிடம் கேட்டு யார் முன்னணி என்று வெளியிடுவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ பிரிவின்படி குற்றம், வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும்கூட.

கிடைத்ததைக் கொண்டு என்ன செய்யலாம்

வாக்குப்பதிவு மிகக் குறைந்த மூன்று நான்கு பாகங்கள் உங்கள் அட்டவணையில் தனியாகத் தெரியும். அந்தத் தெருக்களில் மூன்று வகையினர் இருப்பார்கள். பட்டியலில் பெயரே இல்லாதவர்களுக்குப் படிவம் 6. வீடு மாறியவர்களுக்கும் விவரத்தில் பிழை உள்ளவர்களுக்கும் படிவம் 8. வேறு தொகுதிக்கு மாறியிருந்தாலும் இதே படிவம்தான். இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7. 18 வயது நிறைவைக் கணக்கிட 2022 முதல் வருடத்துக்கு நான்கு தேதிகள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பிள்ளைகள் ஜனவரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். வேட்புமனுவுக்கான கடைசி நாள் நெருங்கிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாமல் போகும். அதனால் தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், யாரும் தேர்தலைப் பற்றிப் பேசாத மாதங்களிலேயே அந்தத் தெருக்களுக்குப் படிவங்களை எடுத்துக்கொண்டு போங்கள்.